படகு திரும்பும்வரை ஓர் அமர்வு

காலையில் காபித் தம்ளரோடு மேசைக்கு வந்ததும் நான் முதலில் தட்டச்சு செய்வது ஒரு கேள்வி. உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதே அது. கறுப்புத் திரையில் அதை இரண்டு சொற்களில் எழுதி விசையை அழுத்தினால் விடை வெள்ளை எழுத்துகளில் வரிவரியாக இறங்கும். ஒரு வரிக்கு ஒரு மனிதர். அவருடைய பயனர் பெயர், அமர்வின் எண், இயங்கிக்கொண்டிருக்கிறாரா துண்டித்துவிட்டுப் போயிருக்கிறாரா என்ற நிலை, அவர் கை விசைப்பலகையைத் தொட்டு எவ்வளவு நேரமாயிற்று என்ற குறிப்பு. முகமும் குரலும் தெரியாது. ஆனாலும் பல வருடங்களாக இதைப் பார்த்து வருவதால், எந்த வரி காலையில் சோம்பலாக அசையும், எது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நெடுநேரம் அசையாமல் கிடக்கும் என்பதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. எதிர்வீட்டில் விளக்கு எரிவதையும் அணைவதையும் வைத்து அங்கே நடப்பதை ஊகிப்பதுபோல ஒரு பழக்கம்.

நான் இருப்பது ஊரப்பாக்கத்தில், என் வீட்டில். என் வேலை செங்கல்பட்டில் இருக்கிறது. ஏரியைப் பார்த்த ஒரு மாடியில் சிறிய அலுவலகம். பழைய தமிழ்ப் புத்தகங்களின் பக்கப் படங்களைப் பார்த்துத் தட்டச்சு செய்து நூலகங்களுக்குத் தருகிறோம். தட்டச்சு செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். திருப்போரூரிலும், மாமல்லபுரத்தை அடுத்த குப்பங்களிலும், தெற்கே கடப்பாக்கத்திலும் தங்கள் வீடுகளிலேயே உட்கார்ந்து செய்கிறார்கள். அவர்களிடம் இருப்பது விலை மலிந்த கணினி. பக்கப் படங்கள் அலுவலகத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்பது ஒப்பந்தம். அதனால் அவர்கள் தொலைவிலிருந்தபடியே எங்கள் கணினிக்குள் வருகிறார்கள். அவர்கள் வீட்டுத் திரையில் தெரிவது எங்கள் கணினியின் படம் மட்டும். அவர்கள் அழுத்தும் ஒவ்வொரு விசையும் செங்கல்பட்டுவரை வந்து எழுத்தாகித் திரும்பிப் போகிறது.

அந்தக் கணினியும் உண்மையில் கணினி அல்ல என்பதை விளங்கவைக்க நான் எப்போதும் சற்றுத் திணறுவேன். குளிரூட்டிய சிற்றறையில் ஓர் இரும்புப் பெட்டி இருக்கிறது. அது தன்னைப் பல கணினிகளாகக் கனவு காண்கிறது. ஒவ்வொரு கனவுக்கும் தனித்தனிப் பெயர், நினைவகம், கடிகாரம். மெய்நிகர் இயந்திரம் என்று எழுதுகிறோம். அவற்றை எழுப்புவதும் உறங்கவைப்பதும், புதிய பயனருக்கு இடம் தருவதும், விலகியவரின் இடத்தைத் துடைப்பதும் என் பணி. படங்களும் பொத்தான்களும் நிறைந்த மேலாண்மைத் திரை ஒன்று இதற்கென்றே உண்டு. எங்கள் பகுதி இணையத்தில் அது ஆமையாக ஊரும். எழுத்தாலான கட்டளையோ எவ்வளவு மெலிந்த இணைப்பிலும் போய்ச் சேர்ந்துவிடும். அத்தோடு, நான் கேட்காத எதையும் அந்தக் கறுப்புத் திரை என்னிடம் சொல்வதில்லை. அந்த அடக்கம் எனக்குப் பிடித்திருந்தது.

கடப்பாக்கத்துப் பெண்களுக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுக்க நான் ஒருமுறை அங்கே போனேன். ஒரு சிறிய கல்யாணக் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். சன்னல் வழியே மீன் காயும் வாடை வந்துகொண்டிருந்தது. துண்டிப்பதற்கும் வெளியேறுவதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லும்போது எல்லோர் முகத்திலும் குழப்பம். நான் ஒரு வழி கண்டுபிடித்தேன்.

“அத ஒரு பெரிய வீடுன்னு நெனச்சுக்குங்க. உங்க ஒவ்வொருத்தருக்கும் அதுல ஒரு ரூம். துண்டிக்கிறதுன்னா, சாமான் எல்லாம் போட்டது போட்டபடி இருக்கும், கதவத் திறந்து வெச்சுட்டு வெளிய வர்றீங்க. வெளியேறுறதுன்னா, எல்லாத்தையும் எடுத்து வெச்சு, கதவச் சாத்திட்டு வர்றீங்க. சாயங்காலம் கதவச் சாத்திட்டுத்தான் போகணும்.”

பின்வரிசையில் ஒரு பெண் தலையை நிமிர்த்தி, “தெனமுமா கா?” என்று கேட்டாள்.

“தினமும்தான்.”

பக்கத்தில் இருந்தவள் அவளை முழங்கையால் இடித்துச் சிரித்தாள். அது எனக்கு நினைவில் நின்றது.

சில மாதங்களில் ஒரு வரி என் கண்ணை உறுத்தத் தொடங்கியது. மாலையில் எல்லோரும் வெளியேறிய பின்னும், மறுநாள் காலை நான் கேள்வி கேட்கும்போது அது மட்டும் அங்கே இருக்கும். நிலை: துண்டிக்கப்பட்டது. பயனர் பெயரின் முதல் எழுத்துகள் அது கடப்பாக்கம் என்று காட்டின. காலை ஏறி வெயில் வந்த பிறகு அந்தப் பயனர் உள்ளே வருவார், ஒழுங்காக வெளியேறுவார், உடனே புதிதாக மறுபடி வருவார். எல்லா நாளும் இப்படி இல்லை. கடல் கொந்தளிக்கிறது, யாரும் போக வேண்டாம் என்று வானொலியில் சொல்லும் நாள்களில் மாலையிலேயே அந்த அறை சாத்தப்பட்டிருக்கும். அமைதியான நாள்களில்தான் திறந்தே கிடக்கும். இந்த ஒழுங்கை நான் கவனித்தேன், பொருள் புரியவில்லை.

மேலாளருக்குப் புரிந்தது வேறு. அவர் திருப்போரூர்க்காரர், வேகமாகப் பேசி வேகமாக மறக்கும் நல்ல மனிதர். ஒரு நாள் தொலைபேசியில் வந்தார்.

“மேடம், கடப்பாக்கத்துல ஒண்ணு தெனம் பக்கத்தத் தொறந்து வெச்சுகினே போயிடுது. மெய்ப்பு பாக்கறவங்க காலைல தொறந்தா, வேறொருத்தர் கைல கீதுன்னு மெசேஜ் வருது. அவங்க என்ன பேஜாரு பண்றாங்க. ஒரு ரூல் போட்ருங்க. துண்டிச்சு ஒரு மணி நேரம் ஆச்சுன்னா தானா வெளிய தள்ளிடணும்.”

ஒரே வரியில் போட்டுவிடக்கூடிய விதிதான். போடுகிறேன் என்றும் சொன்னேன். ஆனால் விரல் போகவில்லை. ஒழுங்கோடு செய்யப்படும் ஒரு தவறுக்குள் ஏதோ காரணம் இருக்கும் என்று தோன்றியது. வாசிக்கும்போதும் எனக்கு இந்தக் குணம் உண்டு. ஒரு சொல் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இடறினால் அது அச்சுப்பிழையாக இருக்காது என்று நின்றுவிடுவேன்.

அந்த வாரமே செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய், அங்கே புதுச்சேரி பேருந்தில் ஏறிக் கடப்பாக்கத்தில் இறங்கினேன். வழியெல்லாம் ஒரு பக்கம் சவுக்கு, மறுபக்கம் உப்பங்கழி. தண்ணீரும் வானமும் ஒரே நிறத்தில் இருந்ததால், பேருந்து எதன்மேல் போகிறது என்றே தெரியாத மயக்கம் சில இடங்களில் வந்தது.

அந்தப் பயனரின் வீட்டுக் கதவு அகலத் திறந்திருந்தது. காற்றில் சாத்திக்கொள்ளாதபடி அடியில் ஒரு கயிற்றுச் சுருளைச் சொருகி வைத்திருந்தார்கள். உள்ளே ஒரு தகரப் பெட்டியின்மேல் துண்டு போர்த்திய கணினி. பயிற்சியில் “தெனமுமா கா” என்று கேட்டவள் அவள்தான் என்று பார்த்ததும் தெரிந்தது. முழங்கையால் இடித்தவளும் அங்கே இருந்தாள், கணவனின் தங்கையாம். வலையின் சிக்கை எடுத்துக்கொண்டிருந்தவள் என்னைக் கண்டதும், “அண்ணி, செங்கல்பட்டு வந்துகீது பார். நீ மாட்டிகின” என்றாள்.

நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் தரையைப் பார்த்தாள்.

“நீங்கதானே கா சொன்னீங்கோ, அது ஒரு வூடு மாதிரின்னு.”

“ஆமா.”

“எங்க வூட்ல அவரு கடல்ல கீறப்ப கதவ சாத்த மாட்டோம் கா. அவரு சாயங்காலம் வலையெடுத்துகினு போனாருன்னா காலைல படகு கரையேறணும், அப்பாலதான் சாத்துவோம். இந்த வூடும் அப்டித்தான், அந்த வூடும் அப்டித்தான்.” அவள் கணினியைக் கையால் காட்டினாள்.

“ஊர்ல எல்லாருக்கும் இந்தப் பழக்கம் உண்டா?”

“அத்தெல்லாம் இல்ல. இது எங்க மாமியா வூட்டுப் பழக்கம். அதோ, பக்கத்து வூட்ல புருஷன் கடல்ல கீறான், அவ கதவ சாத்தி ஏசி போட்டுகினு தூங்குறா.”

“அவன் மீனோட வரான். எங்கண்ணன் பல நாள் வெறும் வலையோட வருது” என்றாள் நாத்தனார். “அண்ணி, அந்தக் கம்பூட்டரு வாசல்ல ஒரு கோலமும் போட்டுடேன்.”

“நீ வாய மூடிகினு சிக்க எடு.”

சிரித்தோம். ஆனால் அவள் முகம் சிரிப்பிலிருந்து சீக்கிரம் மீண்டது. “எனக்குத் தெரியும் கா, அது வெறும் மிஷினுதான்னு. தெரிஞ்சும் கை வர மாட்டுது. ஒருக்கா சாத்திட்டேன். அன்னிக்கு பாத்து இஞ்சின் நின்னு பூடுச்சி, மத்தியானம் வரைக்கும் தண்ணில நின்னாங்கோ. அதுலேந்து பயம். இந்த வேல எனக்கு வோணும் கா. மீன் கூடை தூக்காம, வூட்டுக்குள்ள ஒக்காந்து செய்யறது இது ஒண்ணுதான். படிச்ச படிப்புக்கு ஒரு மரியாத கெடச்சது இதுல.”

என் உவமையை அவ்வளவு மெய்யாக எடுத்துக்கொண்ட மாணவி எனக்கு அதற்கு முன்போ பின்போ வாய்க்கவில்லை. அறை என்று சொன்னேன்; அவள் அதற்குள் குடியேறி, தன் வீட்டு வழக்கத்தையும் உடன் கொண்டுவந்துவிட்டாள்.

ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். மாலையில் பக்கத்தைச் சேமித்து மூடிவிட வேண்டும். அறையில் சாமான் எதுவும் இருக்காது, கதவு மட்டும் திறந்திருக்கும். மெய்ப்புப் பார்ப்பவர்களுக்குத் தொல்லை இராது. அவள் அதைத் தவறாமல் செய்தாள். நானும் அந்த ஒரு மணி நேர விதியை ஏதேதோ காரணம் சொல்லித் தள்ளிப்போட்டு வந்தேன். மேலாளருக்கு அது தெரியாமல் இல்லை. ஒரு முறை அழுத்தமாகவே சொன்னார்: “இன்னும் ஒருவாட்டி அந்த வரியால வேலை நின்னா, அந்தப் பேரயே எடுத்துருங்க மேடம். வேற ஆளு கெடைக்காமலா பூடும்.”

அந்த ஒருமுறை ஒரு மின்தடை நாளில் வந்தது.

மாதப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்கு மின்சாரத்தை நிறுத்துவார்கள் என்று செங்கல்பட்டில் அறிவித்திருந்தார்கள். எங்கள் மின்கலங்கள் மூப்படைந்தவை. நீண்ட நேரம் தாங்கா. இயந்திரங்களை ஒவ்வொன்றாக முறைப்படி நிறுத்திவிட வேண்டும். விடிந்ததுமே ஒரு கட்டளை கொடுத்தேன். அது புதியவர் எவரையும் உள்ளே விடாது. உள்ளே இருப்பவரை வெளியே தள்ளவும் செய்யாது. ஏரியில் வரத்தை அடைத்துவிட்டு, இருக்கும் நீர் தானாக வடியட்டும் என்று காத்திருப்பது போன்றது. வைகறையிலேயே வேலையைத் தொடங்கும் சிலர் இருந்தார்கள். அவர்கள் திரைகளுக்குச் சிறிய செய்திப் பெட்டி அனுப்பினேன். ஒவ்வொரு வரியாக மறைந்தது. கடைசியில் ஒன்று எஞ்சியது. துண்டிக்கப்பட்டது. கடப்பாக்கம்.

தொலைபேசியில் கூப்பிட்டேன். அவள் எடுத்ததும் முதலில் கேட்டது காற்றின் இரைச்சல்தான். கரையில் நின்றிருந்தாள்.

“படகு இன்னும் வர்ல கா. எல்லாம் ஏறிடுச்சி. எங்கது ஒண்ணுதான் பாக்கி. கரையிலேந்து காத்து புடிச்சு தள்ளுது. உள்ளாற இழுத்துகினு பூட்ருக்கும்ன்றாங்கோ.”

நான் எதற்குக் கூப்பிட்டேன் என்று அவளே புரிந்துகொண்டாள். மின்தடை பற்றி எல்லோருக்கும் முந்தின நாளே சொல்லியிருந்தேன்.

“ரூம சாத்தணும் இல்ல?”

“ஒன்பது மணிக்குள்ள.”

“என் கையால முடியாது கா. நீங்களும் சாத்தாதீங்கோ. வோணும்னா என் பேர எடுத்துடுங்கோ. வேல போனா போவுது” என்றாள். அருகில் நாத்தனாரின் குரல் கேட்டது. அன்று அதில் கேலி இல்லை. “அண்ணி, அழாத. அண்ணனுக்கு இந்தக் காத்தெல்லாம் ஒரு காத்தா.”

என் முன்னால் அந்த அமர்வின் எண் இருந்தது. அதை வெளியேற்றும் கட்டளையை நான் ஏற்கெனவே தட்டச்சு செய்து வைத்திருந்தேன். விசையை அழுத்துவதுதான் பாக்கி. பெயரை எடுப்பது என்றால் அதற்கும் முன்னால் அமர்வைச் சாத்தியாக வேண்டும். எந்த வழியாகப் போனாலும் அந்தக் கதவை என் கையே சாத்த வேண்டியிருந்தது. அவள் வேலையையே விடத் துணிந்தது அது ஒன்று நடக்கக் கூடாது என்பதற்காக. எழுதிய கட்டளையைப் பின்னோக்கி ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன். துடிக்கும் அந்தச் சிறு கோடு மட்டும் மிஞ்சியது.

அப்போதுதான் மற்றொரு கட்டளை நினைவுக்கு வந்தது. மெய்நிகர் இயந்திரத்தை நிறுத்துவதற்குப் பதிலாக அப்படியே சேமித்துவைக்கலாம். அதன் நினைவில் அக்கணம் என்னென்ன உண்டோ அத்தனையையும் கணினியின் வன்வட்டில் எழுதி வைத்துவிட்டு அது உறைந்துபோகும். திரும்ப எழுப்பினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். உள்ளே இருந்தவர் உள்ளேயே இருப்பார். நாங்கள் அதைச் செய்வதில்லை. வட்டில் அவ்வளவு இடம் பிடிக்கும், எழும்போது சில சமயம் தகராறு செய்யும் என்று மேலாளருக்கு அச்சம். பழைய காப்புப் பிரதிகள் சிலவற்றை அழித்து இடம் உண்டாக்கிக்கொண்டு அவரைக் கூப்பிட்டேன். நடந்தது முழுவதையும், கதவு உட்பட, முதல்முறையாகச் சொன்னேன்.

“இன்னா மேடம், கம்ப்யூட்டருக்கு கடல் கதை சொல்றீங்க?”

“கதை இல்ல சார். படகு வரல.”

அவர் குரல் மாறியது. “வர்லயா? எவ்ளோ நேரமா?”

“விடிஞ்சதுலேந்து பாத்துக்கிட்டு இருக்காங்க.”

“சேமிச்சது கரண்ட் வந்து எழும்பலன்னா?”

“நேத்து எடுத்த பிரதி இருக்கு. அதிலிருந்து எழுப்புறேன். நேத்து சாயங்காலம் வரைக்கும் எல்லாரோட பக்கமும் அதுல பத்திரமா இருக்கு. அந்த அம்மாவோட பேரை மட்டும் இன்னிக்கு எடுக்கச் சொல்லாதீங்க.”

“முருகா” என்றார். அவர் இணங்குவதன் அடையாளம் அது. “செய்ங்க. ஆனா நாளைக்கு இதுக்கு ஒரு வழி சொல்லணும். தெனம் என்னால கடலப் பாத்துகினு ஒக்கார முடியாது.”

கட்டளையைக் கொடுத்தேன். நூற்றுக்கு இவ்வளவு என்று எண் ஏறத் தொடங்கியது. இவ்வளவு மெதுவாக எண்கள் ஏறி நான் பார்த்ததில்லை. எங்கோ ஓர் இரும்புப் பெட்டி தன் கனவை முழுவதுமாக, ஆளில்லாத அந்தச் சிறிய அறையோடும் சாத்தாத அதன் கதவோடும், தாளில் எழுதுவதுபோல வட்டில் எழுதிக்கொண்டிருந்தது. எண் நிறைந்தது. நிலை: சேமிக்கப்பட்டது. பிறகு இரும்புப் பெட்டியையும் நிறுத்தினேன்.

மறுபடி அவளைக் கூப்பிட்டேன். “சாத்தல. கதவு திறந்தபடியே அந்த வீட்டைத் தூங்க வெச்சிருக்கேன். கரண்ட் வந்ததும் எழுப்பிடுவேன்.”

“தூங்குதா?”

“ஆமா.”

“இன்னாவாம்?” என்றது நாத்தனாரின் குரல். “கம்பூட்டரு தூங்குதாம்” என்று இவள் சொன்னாள். “அதுக்காச்சும் தூக்கம் வருதே” என்று பதில் வந்தது.

அதன்பின் செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஊரப்பாக்கத்தில் மின்சாரம் இருந்தது, மின்விசிறி சுற்றியது, பக்கத்து வீட்டில் குக்கர் கூவியது. நான் கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் மட்டும் மௌனம். கட்டளையைத் தட்டினால், அப்படி ஓர் இயந்திரத்தையே காணோம் என்று திரை சொன்னது. தெற்கே போகும் மின்ரயில் ஒன்று எங்கள் வீட்டைத் தாண்டி நிலையத்தில் நின்று போனது. அது ஏரி ஓரமாகச் செங்கல்பட்டை அடையும். அங்கே இருட்டிய சிற்றறையில் அந்தப் பெட்டி சூடு தணிந்து கிடக்கும். அதற்குள், எந்தக் கடிகாரமும் ஓடாத ஓரிடத்தில், அவளுடைய அறை. அதில் காலம் நின்றுவிட்டது. அங்கே அவள் கணவர் இன்னும் மாலையில் புறப்பட்டவர்தான். தாமதம் என்பதே அங்கே நேரவில்லை. இப்படியெல்லாம் எண்ணிக்கொண்டு, கண்ணை மூடியதும் மூடாததுமாக இருந்தேன். நீலத்துக்குள் நீலமாக எங்கோ ஒரு படகு. மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறதென்று தெரியவில்லை. என் கை கடலைக் கேள்வி கேட்கும் கட்டளையைத் தேடியது. அப்படி ஒரு கட்டளை இல்லை என்பது கனவிலும் எனக்குத் தெரிந்திருந்தது.

பிற்பகலில் மேலாளரே கூப்பிட்டார். “கரண்ட் வந்துடுச்சி மேடம். எழுப்புங்க.” சற்று நிறுத்தி, “படகு?” என்றார். தெரியவில்லை என்றேன். அவளைக் கூப்பிட்டுக் கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை. நல்ல செய்தி என்றால் அவளே சொல்வாள். மற்றதை நான் கேட்டு வாங்க விரும்பவில்லை.

இரும்புப் பெட்டி எழுந்தது. அதன்பின் அந்த இயந்திரத்தை எழுப்பினேன். தகராறு ஒன்றும் செய்யவில்லை. நிலை: இயங்குகிறது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

ஒரே ஒரு வரி. துண்டிக்கப்பட்டது. கடப்பாக்கம். விட்டது விட்டபடி இருந்தது.

மற்றவர்களை இன்னும் உள்ளே விடவில்லை; ஏற்கெனவே அறை திறந்திருப்பவர் மட்டும் திரும்பி வர முடியும். மறுபடி கேட்டேன், அதே வரி. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து கேட்டேன், அதே வரி. கொடியில் காய்ந்த துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டு வந்து கேட்டேன். வரி இருந்தது. ஆனால் அதன் நிலை மாறியிருந்தது. இயங்குகிறது. அவள் உள்ளே வந்திருந்தாள். என் விரல் விசைமேல் அப்படியே நின்றது. எதற்காக வந்தாள்? சாத்துவதற்கா, சும்மா திறந்திருக்கிறதா என்று எட்டிப்பார்த்துவிட்டுப் போவதற்கா?

இன்னொருமுறை கேட்டேன். பயனர் எவரும் இல்லை என்று திரை விடை சொன்னது.

அது ஒரு பிழைச்செய்தி. கேட்டது கிடைக்காதபோது இயந்திரம் சொல்லும் வறண்ட வாக்கியம். எத்தனையோ முறை அதைப் பார்த்துச் சலித்திருக்கிறேன். அன்று அதை மெல்ல, ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். அவள் கையால் சாத்தியிருக்கிறாள். படகு கரையேறிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் அவளே கூப்பிட்டாள். மிதந்து வந்த பழைய வலை ஒன்று, தண்ணீருக்குள் சுழலும் இஞ்சின் விசிறியில் சுற்றிக்கொண்டதாம். காற்று உள்ளே தள்ளிக்கொண்டே போக, வேறு ஊர்ப் படகு ஒன்று கட்டி இழுத்துவந்து தெற்கே ஒரு குப்பத்தில் சேர்த்ததாம். அங்கிருந்து அவள் கணவர் ஆட்டோவில் வந்தாராம்.

“வந்து, ‘சோறு கீதா’ன்னு கேக்கறாரு கா. ஊரே அழுதுகினு நிக்குது, இவருக்கு சோறு. துன்னுட்டு தூங்குறாரு. நான் ரெண்டு வூட்டையும் சாத்திட்டேன்.”

“பாத்தேன்” என்றேன்.

“பாத்தீங்களா?” அவள் குரலில் வியப்பு. சாத்தும் கணத்திலேயே இங்கிருந்து ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியும் என்பது அதுவரை அவளுக்குத் தோன்றியதே இல்லை போலும்.

மறுநாள் மேலாளரிடம் ஒரு வழி சொன்னேன். மிகச் சிறிய மெய்நிகர் இயந்திரம் ஒன்று; நினைவகம் குறைவு; அதில் ஒரே பயனர். அது திறந்திருந்தாலும் யாருடைய பக்கமும் தடைபடாது. பெரிய இயந்திரத்தில் அவர் விரும்பிய ஒரு மணி நேர விதியையும் போட்டுவிடுகிறேன் என்றேன். அவர் சற்று யோசித்தார்.

“அந்தம்மாவுக்கு தனி பங்களாவே கட்டிக் குடுக்கறீங்க.”

“ஒரே ரூம்தான் சார்.”

“சரி, கட்டுங்க. பேரு அப்டியே இருக்கட்டும்.” தொலைபேசியை வைக்கப்போனவர் மறுபடி பேசினார். “அந்தப் படகு வந்துட்டுதுன்னு நேத்தே ஒரு வார்த்த சொல்லிருக்கலாம் மேடம். சாயங்காலம் வரைக்கும் நானே ஃபோன பாத்துகினு இருந்தேன்.”

சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

இயந்திரத்தை அன்றே உண்டாக்கினேன். பயனரை அதற்கு மாற்றினேன். அமர்வுக்குக் கால வரம்பு கேட்கும் இடத்தில் வரம்பு இல்லை என்று எழுதினேன். அவள் இன்னும் எங்களிடம் வேலை செய்கிறாள். கடப்பாக்கத்திலிருந்து வரும் பக்கங்களில் மிகக் குறைவாகப் பிழை உள்ளவை அவளுடையவை என்று மெய்ப்புப் பார்ப்பவர்கள் சொல்கிறார்கள்.

இப்போது காலையில் என் கேள்விகள் இரண்டு. பெரிய இயந்திரத்தைக் கேட்டபிறகு அந்தச் சிறியதையும் கேட்கிறேன். பெரும்பாலும் வெயில் கூரையைத் தொடுமுன் வரி மறைந்துவிடும். அன்றைய வேலையைத் தொடங்குவேன். சில நாள் தாமதமாகும். இன்று அப்படி ஒரு நாள். கடைசி வாய்க் காபி தம்ளரில் ஆறிக் கிடக்கிறது. எதிர்ப்புறம் மின்ரயில் ஒன்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. சன்னல் ஓரத்து வேப்பிலைகள் அசையவில்லை; அங்கேயும் காற்று இராது என்று நினைத்துக்கொள்கிறேன். துண்டிக்கப்பட்டது என்கிறது திரை. இன்னும் சற்று நேரம் கழித்து மறுபடி கேட்பேன்.